300 படிகள் அச்சிட வேண்டிய சிற்றிதழ்: அச்சகத்துக்குக் கோப்பை எப்படி ஒப்படைப்பது?

கேள்வி
தோட்டத்து வாசகி, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம்.

நானும் தோழியர் மூவரும் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து, லயத்து வீடுகள் காலியான பிறகு பட்டணத்துத் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, குடிவந்தவர்கள். தோட்டத்தில் வாழ்ந்தவர்களின் நினைவுகளையும் கதை, கவிதைகளையும் தொகுத்து ஆண்டுக்கு இருமுறை ஒரு சிற்றிதழைச் சொந்தச் செலவில் கொண்டுவருகிறோம். இதுவரை வந்த மூன்று இதழ்களையும் வேர்டு செயலியில் ஏ4 அளவில் தட்டச்சு செய்து, நகலெடுக்கும் கடையில் ஏ5 அளவுக்குச் சுருக்கி, மடித்து, நடுவில் நாங்களே கம்பி அடித்தோம். நான்காம் இதழை மட்டும் முறையான அச்சகத்தில் 300 படிகள் அச்சிடத் தீர்மானித்திருக்கிறோம். மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் எங்கள் பெற்றோர் பால்மரம் வெட்டிய கூலியிலிருந்து பங்குப் பணம் கட்டியவர்கள். இந்த இதழின் பெரும்பகுதி அவர்களுடைய பேச்சாகவே அமைந்திருப்பதால், இதை நகலெடுத்துக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

பத்து நாள்களுக்கு முன்னர் பிடிஎஃப் கோப்பையும் வேர்டு கோப்பையும் ஓர் அச்சகத்துக்கு அனுப்பினோம். மாதிரித் தாள்கள் வந்தபோது மனம் உடைந்துபோனது. ‘தோட்டம்’ என்ற சொல்லில் இரட்டைக் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து எங்களுக்கு வந்த இரண்டு கட்டுரைகள் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக மாறியிருந்தன. அட்டைப் படத்தின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. உள்ளே இருந்த பழைய படங்கள் மங்கலாகத் தெரிந்தன. கோப்பில் ப்ளீட் இல்லை, படங்களின் நுணுக்கம் போதாது, நிறம் ஆர்ஜிபியில் உள்ளது, 62 பக்கங்கள் நான்கால் வகுபடவில்லை என்று அச்சகத்தார் எழுதியிருந்தார்கள். கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றவை எங்களுக்குப் புரியவில்லை. அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. கோப்பை மீண்டும் அனுப்புவதற்கு முன் நாங்கள் எவற்றைச் சரிசெய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

மறுமொழி 1
அச்சக முன்தயாரிப்புப் பணியாளர், ஈப்போ

வணக்கம் சகோதரி. நீங்கள் பட்டியலிட்ட குறைகளில் முதலில் கவனிக்க வேண்டியது எழுத்துதான். மற்றவற்றை அச்சகத்தில் யாராவது கண்டுபிடித்துச் சொல்வார்கள். எழுத்துப் பிழையைச் சொல்ல மாட்டார்கள். நான் வேலை செய்யும் கூடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. நான் விடுப்பில் இருக்கும் நாளில் கொம்பு இடம் மாறினாலும், ஒரு பத்தியே தலைகீழானாலும் அங்கே எவருக்கும் தெரியாது. ஆகவே, அச்சகத்தில் ஒருவரும் கைவைக்கத் தேவையில்லாத நிலையில்தான் கோப்பு உங்களிடமிருந்து புறப்பட வேண்டும்.

உங்கள் எழுத்துகள் உடைந்ததற்குப் பெரும்பாலும் வேர்டு கோப்பே காரணமாக இருக்கும். யூனிகோடு முறையில் ‘தே’ என்று தட்டச்சு செய்தால், கணினி முதலில் தகரத்தையும் அதன் பிறகு ஏகாரக் குறியையும் சேமித்து வைக்கிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த ஆற்றல் இல்லாத மென்பொருளிலோ, உங்கள் எழுத்துரு நிறுவப்படாத கணினியிலோ கோப்பைத் திறந்தால் கொம்பு பின்னுக்குப் போகக்கூடும். பிடிஎஃப் கோப்பைத் திருத்துவதற்காக வரைகலை மென்பொருளில் திறந்தாலும் இதே விபத்து நேரும். எனவே வேர்டு கோப்பை அனுப்பவே வேண்டாம். எழுத்துருக்கள் உட்பொதிந்த, அதாவது கோப்புக்குள்ளேயே சேர்க்கப்பட்ட, பிடிஎஃப் மட்டும் போதும். பிடிஎஃப் படிப்பானில் கோப்பின் பண்புகளைத் திறந்து எழுத்துருப் பட்டியலைப் பார்த்தால், ஒவ்வொன்றும் உட்பொதிந்துள்ளதா என்பது தெரிந்துவிடும். பக்க அமைப்பை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யாரிடமாவது கொடுத்துச் செய்வதாக இருந்தால், பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ தேர்வாகியுள்ளதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் அங்கும் கொம்பு தடுமாறும்.

பழைய எழுத்துருவில் வந்த இரண்டு கட்டுரைகளின் கதை வேறு. பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டிருக்கும். எழுத்துரு இல்லாத இடத்தில் அடியிலிருக்கும் ஆங்கிலமே வெளிப்படும். இணையத்தில் உள்ள மாற்றிகளைக் கொண்டு அவற்றை யூனிகோடாக்கலாம். ஆனால் மாற்றியபின் மேற்கோள் குறிகள், எண்கள், அடைப்புக்குறிகள், கிரந்த எழுத்துகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பிழைகள் தங்குவது அந்த இடங்களில்தான்.

அடுத்தது அளவு. நகலெடுக்கும்போது ஏ4 தாளை ஏ5 ஆக்கினால் எல்லாம் ஏறத்தாழ 71 விழுக்காட்டுக்குச் சுருங்கும். 14 புள்ளி எழுத்தளவில் தட்டச்சு செய்தது 10 புள்ளியாகிவிடும். அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பு, இதழ் வெட்டப்பட்டு முடியும்போது இருக்கும் அளவிலேயே இருக்க வேண்டும். ஏ5 என்றால் 148க்கு 210 மில்லிமீட்டர். ப்ளீட் என்பது வெட்டுக்கோட்டுக்கு வெளியே படம் நீண்டிருக்க வேண்டிய பகுதி. வெட்டுக்கத்தி ஓர் இழை விலகினாலும் வெள்ளைத் தாள் தெரியாமலிருக்க, நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகக் கொடுக்கிறோம். வேர்டில் இதற்கெனத் தனி வசதி கிடையாது. ஆயினும் பக்க அளவையே 154க்கு 216 மில்லிமீட்டராக அமைத்து, ஓரத்தைத் தொடும் படங்களைப் பக்கத்தின் விளிம்பு வரை இழுத்துவிட்டு, 3 மில்லிமீட்டர் வெட்டுப் பகுதி கோப்புக்குள் அடங்கியிருக்கிறது என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டால் எந்த அச்சகத்துக்கும் புரியும். எழுத்தும் பக்க எண்ணும் வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 5 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். 10 இருந்தால் கண்ணுக்கும் நல்லது.

நிறத்தைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளால் நிறம் காட்டுகிறது; ஆர்ஜிபி என்பது இதுதான். அச்சு சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் காட்டுகிறது. மாற்றும்போது படங்களின் பளிச்சிடும் பச்சையும் நீலமும் சற்று மங்கும்; அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஆர்ஜிபியில் இருக்கும் கறுப்பு எழுத்து மாற்றத்தின்போது நான்கு மைகளும் கலந்த கறுப்பாகிவிடும். மைக்கு ஒன்றாக அமையும் நான்கு அச்சுத் தகடுகளில் ஒன்று தலைமுடி அளவு விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும். தமிழ் எழுத்தின் சுழிகள் நுண்ணியவை. ணகரமும் னகரமும் அடைபட்டுப்போகும். எழுத்துகள் கறுப்பு மை 100 விழுக்காடு மட்டுமாக இருக்க வேண்டும். உங்கள் இதழின் உட்பக்கங்களில் வண்ணம் தேவையில்லை என்றால், படங்களையும் சாம்பல் நிறத்துக்கு மாற்றி, உட்பக்கங்களை ஒரே நிறத்திலும் அட்டையை நான்கு நிறத்திலும் அச்சிடச் சொல்லுங்கள். உட்பக்கங்களுக்கு நான்கு தகடுகளுக்குப் பதில் ஒரு தகடு என்பதால் செலவும் இறங்கும். மேற்சொன்ன தொல்லையும் இராது. 300 படிகள் என்பது தகடு கொண்டு அச்சிடும் ஆஃப்செட்டுக்கும் தகடில்லாமல் அச்சிடும் டிஜிட்டலுக்கும் நடுவிலுள்ள எண்ணிக்கை என்பதால் இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 2
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தைப்பிங்

அம்மா, எழுத்தைப் பற்றி மேலே அந்தத் தம்பி விளக்கிவிட்டார். பள்ளியின் ஆண்டு மலரை நெடுங்காலம் தயாரித்த அனுபவத்தில் படங்களைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

அச்சில் தெளிவாக வர, படம் அது இடம்பெறும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகளாக இருக்க வேண்டும். ஏ5 முழுப் பக்கம் என்றால் 1748க்கு 2480 பிக்சல். வெட்டுப் பகுதியும் சேர்ந்தால் இன்னும் சற்றுக் கூடுதல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் பெரும்பாலும் நீண்ட பக்கத்தில் 1600 பிக்சலாகக் குறுகிவிடும். கணக்குப்படி அது 13.5 சென்டிமீட்டர் வரை தாங்கும் என்றாலும், குறுகும்போது முகங்களின் நுணுக்கம் அழுந்திப்போவதால், குழுப் படத்தில் பின்வரிசையில் நிற்பவரை அடையாளம் காண முடியாது. அனுப்புபவர்களிடம் படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட மேலானது, வீட்டுக்கே போய்ப் படத்தை வாங்கி வந்து, வருடியில் (ஸ்கேனரில்) அங்குலத்துக்கு 600 புள்ளிகளில் வருடி எடுத்து, அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவது. தொழிலாளர்கள் காலையில் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களத்தில் எடுத்த குழுப் படத்தின் சிறிய படி ஒன்றுதான் அந்தக் குடும்பத்திடம் இருக்கிறது என்றால், அதைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். 1200 புள்ளிகளில் வருடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிரித்தெடுக்க முயலவே வேண்டாம். ஒரு முறை நான் அப்படி முயன்று, ஒருவருடைய தந்தையின் ஒரே படத்தில் முகத்தருகே மேற்பூச்சு உரிந்துபோனது. அந்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை. அத்தகைய படத்தைக் கண்ணாடியோடு வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் நல்ல கேமராவால் எடுப்பதே முறை.

பழைய நாளிதழ் நறுக்குகளை வருடும்போது, அச்சிலுள்ள புள்ளிகளும் புதிய அச்சின் புள்ளிகளும் மோதிக் கட்டம் கட்டமாகத் தெரியும். வருடியின் அமைப்பில் ‘டீஸ்கிரீன்’ என்ற தேர்வு இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். நறுக்கை வெளியிட உரிமையாளரின் இசைவும் வேண்டும்.

வேர்டில் படத்தை ஒட்டினால் அதுவே சுருக்கிவிடும் என்பதையும் கவனியுங்கள். கோப்பு அமைப்புகளில் படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற தேர்வு இருக்கிறது. படங்களை ஒட்டுவதற்கு முன்பே அதைக் குறியிட வேண்டும். பிடிஎஃப் ஆக்கும்போது குறைந்த அளவு என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

சங்கப் பங்குப் புத்தகத்தையோ பழைய அடையாள அட்டையையோ படமாகப் போடுவதாக இருந்தால், எண்களின் மேல் கறுப்புக் கட்டம் வைப்பதோடு நிற்காமல், படத்திலிருந்தே அவற்றை அழித்துவிடுங்கள். பிடிஎஃப் பின்னர் கைமாறும்போது கட்டத்தை நகர்த்தினால் எண் தெரிந்துவிடும்.

படக்குறிப்பை எழுதும்போது படத்திலிருப்பவரின் சொல்லையே எழுதுங்கள் என்பது என் வேண்டுகோள். பால் வடிந்த கலத்தை ‘கிண்ணம்’ என்று எழுதினால் பேரப்பிள்ளைகளுக்குப் புரியலாம்; ஆனால் அதை மங்கு என்றும், தோளில் சுமந்ததைக் காண்டா வாளி என்றும் சொன்ன தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது.

மறுமொழி 3
கூட்டுறவுத் துறை எழுத்தர், கோலாகங்சார்

வணக்கம். கோப்பைச் சரிசெய்யும் இதே வேளையில் சட்டப் பக்கத்தையும் முடித்துவிடுங்கள். நகலெடுத்து நண்பர்களுக்குள் கொடுத்தபோது இந்தக் கேள்வி உங்களுக்கு எழாமல் இருந்திருக்கலாம். அச்சகம் கட்டாயம் கேட்கும். 1984ஆம் ஆண்டு அச்சுக்கூடங்கள், வெளியீடுகள் சட்டத்தில் செய்தித்தாள் என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கம் அகலமானது. செய்தியோ கருத்துரையோ தாங்கி, விலைக்கோ இலவசமாகவோ, சீரான இடைவெளியிலோ சீரற்ற இடைவெளியிலோ வெளிவரும் பருவ இதழ்கள் அதற்குள் வரக்கூடும். அவற்றுக்கு உள்துறை அமைச்சின், அதாவது கே.டி.என்.இன், உரிமம் வேண்டும். 2012இல் செய்யப்பட்ட திருத்தத்தால் அந்த உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தேவை நீங்கியது. உங்கள் அட்டையில் ‘அரையாண்டிதழ்’ என்று அச்சிட்டிருந்தால், முதலில் அமைச்சிடம் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் சிலர் ஒவ்வோர் இதழையும் தனித் தொகுப்பு நூலாகக் கொண்டுவருகிறார்கள். உங்கள் வெளியீடு உண்மையில் அப்படிப்பட்டதுதானா என்பதை நீங்களே நேர்மையாக முடிவு செய்ய வேண்டும்.

எந்த வகையாக இருந்தாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் முதல் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ தெளிவாக இருக்க வேண்டும். நூலுக்கான ஐஎஸ்பிஎன் எண்ணையும் தொடர் இதழுக்கான ஐஎஸ்எஸ்என் எண்ணையும் தேசிய நூலகம் வழங்குகிறது. எண் கைக்கு வருவதற்கு முன் அட்டையை இறுதி செய்துவிடாதீர்கள். 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, அச்சு நூலானால் வெளியான ஒரு மாதத்துக்குள் 5 படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். 300இல் 5ஐ இப்போதே ஒதுக்கிவிடுங்கள். இதைச் சுமையாகக் கருத வேண்டாம்; உங்கள் பெற்றோரின் பேச்சு நாட்டின் நூலகத்தில் இருக்கப் போகிறது.

கேட்டவரின் தொடர்ச்சி

மூவருக்கும் நன்றி. இரண்டு கட்டுரைகளையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டோம். ஆசிரியர் ஐயா சொன்னபடி இரண்டு வீடுகளுக்குப் போய்ப் படங்களை வருடி எடுத்தோம். ‘கிண்ணம்’ என்று நாங்கள் எழுதியிருந்த படக்குறிப்பையும் மாற்றினோம். உரிமம் குறித்து அமைச்சுக்கு எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை அச்சுக்குக் கொடுக்கப்போவதில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. பக்கங்களை 64 ஆக்கினால் கம்பி அடிப்பதா, முதுகில் பசையிட்டு ஒட்டுவதா? ஏ5 பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்திகளாகப் பிரித்து இருபுறமும் நேராக்கினால் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழுகின்றன; இதை எப்படிச் சரிசெய்வது?

மறுமொழி 4
முன்னாள் அச்சுக்கோப்பாளர், பாகான் செராய்

வணக்கம் மகளே. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் தொழில் பழகியவன் நான். இரண்டாவது ஐயத்துக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

தமிழ்ச் சொற்கள் ஒட்டி ஒட்டி நீளும் இயல்புடையவை. ‘கூட்டுறவுச்சங்கத்திலிருந்து’ என்ற ஒரு சொல்லே குறுகிய பத்தியில் ஒரு வரியை விழுங்கிவிடும்; அடுத்த சொல் கீழே இறங்கினால் மேல்வரி பல் விழுந்த வாயாகும். ஏ5 அளவில் இரண்டு பத்திகள் வேண்டாம். ஒரே பத்தியாக, 11 புள்ளி எழுத்தில், வரிக்கு வரி 16 புள்ளி இடைவெளி விடுங்கள். நம் எழுத்தில் மேலே ‘கீ’ போன்றவையும் கீழே ‘கூ’ போன்றவையும் நீட்டிக்கொண்டிருப்பதால், ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி நமக்குப் போதாது. அப்படியும் ஓட்டை விழுந்தால் சொல்லை உடைக்கலாம். தமிழ் அச்சில் சிறு கோடு இடாமலே சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. ஆனால் புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. ஓரெழுத்து மட்டும் தனியாக அடுத்த வரிக்குப் போகக் கூடாது. இந்த இரண்டையும் கணினி தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பாமல், ஒவ்வொரு பக்கத்தின் இடது ஓரத்தையும் மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பாருங்கள். 64 பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

மெய்ப்பை, அதாவது பிழை பார்க்கும் படியை, திரையில் திருத்தாதீர்கள். தாளில் எடுத்து, ஒருவர் மூலப்படியை உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பைப் பார்க்க வேண்டும். எழுதியவரே பார்த்தால், இல்லாத எழுத்தும் இருப்பதாகவே அவர் கண்ணுக்குத் தெரியும்.

மறுமொழி 5
அச்சக முன்தயாரிப்புப் பணியாளர், ஈப்போ

பெரியவர் சொன்ன ஒரே பத்தி யோசனையை நானும் வழிமொழிகிறேன்.

கட்டுமுறையைப் பொறுத்தவரை, 80 கிராம் சிமிலி என்ற பூச்சில்லாத வெள்ளைத் தாளில் 64 பக்கம் என்பது 32 இலைகள்தான்; முதுகு 3 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதில் இதழின் பெயரைக்கூட அச்சிட முடியாது, பசையும் நன்றாகப் பிடிக்காது. நடுவில் கம்பி அடிப்பதே சரி. அட்டைக்கு 250 அல்லது 260 கிராம் ஆர்ட் கார்டு என்ற தடித்த அட்டை கேட்டு, மேலே பளபளப்பில்லாத மேட் படலம் ஒட்டச் சொல்லுங்கள். கம்பி அடிக்கும் முறையில் தாள்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அமர்வதால், நடுப்பக்கங்கள் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் வெளியே பிதுங்கி, வெட்டும்போது அவ்வளவு இழக்கும். நான் முன்பு 5 மில்லிமீட்டருக்குப் பதில் 10 விடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பக்கங்களை 1 முதல் 64 வரை வரிசையாக ஒரு கோப்பாகவும், அட்டையின் நான்கு பக்கங்களைத் தனிக் கோப்பாகவும் அனுப்புங்கள். எந்தப் பக்கம் எதற்கு அருகில் அச்சாக வேண்டும் என்பதை அச்சகமே அடுக்கிக்கொள்ளும். நீங்கள் இரண்டிரண்டாகச் சேர்த்து அனுப்பினால் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். திருத்தி மீண்டும் அனுப்பும்போது அதே பெயரில் அனுப்பாமல், பெயரோடு தேதியைச் சேர்த்துவிடுங்கள். அதன்பின், 300 படிகளையும் ஓட்டுவதற்கு முன் மடித்துக் கம்பி அடித்த ஒரு முழு மாதிரிப் படியைக் கட்டணம் கொடுத்தாவது வாங்குங்கள். அதில் நீங்கள் கையொப்பம் இட்ட பிறகு வரும் பிழைக்கு அச்சகம் பொறுப்பேற்காது.

கேட்டவரின் தொடர்ச்சி

அமைச்சிடமிருந்து பதில் வந்துவிட்டது. அவர்கள் சொன்ன வழியிலேயே விண்ணப்பித்து, அதை முடித்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனோம். மாதிரிப் படி நேற்று மாலை கைக்கு வந்தது. கொம்புகள் அனைத்தும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டியபோது, 37ஆம் பக்கத்தில் இரண்டு பெண்களின் பெயர்கள் இடம் மாறியிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். அந்த ஒரு பக்கத்தைத் திருத்தி, கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்து, இன்று காலை மீண்டும் அனுப்பியிருக்கிறோம். திருத்திய பக்கத்தின் மெய்ப்பு வந்ததும் கையொப்பமிடுவோம்.